இரு இணைய இணைப்புகளுக்கிடையே சுமைப் பகிர்வு: ஒரு வரலாற்றுப் பார்வை

இரு இணைய இணைப்புகளுக்கிடையே சுமைப் பகிர்வு என்பது, ஒரு வீடு, அலுவலகம் அல்லது கல்லூரி இரண்டு நிறுவனங்களிடமிருந்து பெறும் இணைய இணைப்புகளை ஒரே திசைவியில் பொருத்தி, உள்ளிருந்து வெளியே செல்லும் போக்குவரத்தை அவ்விரண்டுக்கும் பங்கிட்டு அனுப்பும் முறையாகும். திசைவி என்பது பேச்சு வழக்கில் ரவுட்டர் என்று சொல்லப்படும் கருவி. ஓர் இணைப்பு பழுதடைந்தால் போக்குவரத்து முழுவதையும் மற்றொன்றின் வழியே திருப்பிவிடுவதும் இதே திசைவியின் வேலையாகும்.

இந்த ஏற்பாட்டை நாடுவோர் இரண்டு பயன்களை எதிர்பார்க்கின்றனர். ஒன்று கூடுதல் வேகம். மற்றொன்று தடைபடாத சேவை. முதல் எதிர்பார்ப்பு ஓரளவுக்கே நிறைவேறும். இரண்டாவது, ஒரு நிபந்தனைக்கு உட்பட்டே நிறைவேறும். இரண்டு இணைப்புகளும் உண்மையிலேயே இரண்டு தனித்தனிப் பாதைகளில் வரவேண்டும் என்பதே அந்த நிபந்தனை. தந்திக் காலம் தொடங்கி இன்றுவரை இத்துறையின் வரலாறு மீண்டும் மீண்டும் கற்பித்த பாடமும் இதுவே.

செயல்படும் முறை

இணையத்தில் செல்லும் தரவு சிறுசிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. ஒருவர் ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது அவருடைய கணினிக்கும் தொலைவிலுள்ள வழங்கிக் கணினிக்கும் இடையே ஒரு தொடர்பு உருவாகிறது. அந்தத் தொடர்பைச் சேர்ந்த பொதிகள் எல்லாம் ஒரே இணைப்பின் வழியே போகுமாறு திசைவி பார்த்துக்கொள்கிறது. ஆகவே பெரும்பாலான திசைவிகள் பங்கிடுவது பொதிகளை அல்ல, தொடர்புகளை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் மதுரைக்குச் செல்லும் இரண்டு பேருந்துகள் நிற்பதாகக் கொள்வோம். பயணிகளை இரண்டிலும் பிரித்து ஏற்றினால் நெரிசல் குறையும். அனைவருக்கும் இடம் கிடைக்கும். ஆனால் ஒரே பயணி இரண்டு பேருந்துகளிலும் பாதிப் பாதியாக ஏற முடியாது. இரண்டு பேருந்துகள் நிற்பதால் அவர் மதுரைக்கு முன்னதாகப் போய்ச் சேரப்போவதும் இல்லை. இரட்டை இணைப்பின் பயனும் எல்லையும் இந்த எடுத்துக்காட்டில் அடங்கிவிடுகின்றன.

தொடர்புகளைப் பிளக்க முடியாததற்குக் காரணம் முகவரி. ஒவ்வோர் இணைய நிறுவனமும் தன் வாடிக்கையாளருக்குத் தனியாக ஓர் ஐ.பி. முகவரியை வழங்குகிறது. வெளியே செல்லும் பொதியின் மேல், அது செல்லும் இணைப்புக்குரிய முகவரியை அனுப்புநர் முகவரியாகத் திசைவி எழுதிவிடுகிறது. மறுமொழியும் அந்த முகவரிக்கே வரும். ஒரே தொடர்பின் பாதிப் பொதிகள் ஒரு முகவரியிலிருந்தும் மீதி வேறொரு முகவரியிலிருந்தும் போனால், தொலைவிலுள்ள வழங்கி அவற்றை இரண்டு வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்தவையாகக் கருதி, இரண்டாவது பாதியை ஏற்காது.

இணைப்புகளின் வேகம் வேறுபட்டால் திசைவியில் எடை குறிக்கப்படுகிறது. ஓர் இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட், மற்றொன்று 40 மெகாபிட் என்றால் விகிதம் 5:2. அந்த நேரத்தில் 70 தொடர்புகள் இருந்தால் ஏறத்தாழ 50 முதலாவதிலும் 20 இரண்டாவதிலும் செல்லும். இதையே ஒரு கணக்காகப் பார்க்கலாம். 4.5 ஜிகாபைட் அளவுள்ள ஒரு கோப்பைப் பதிவிறக்க முதல் இணைப்பில் 6 நிமிடம் ஆகும். இரண்டாவதில் 15 நிமிடம் ஆகும். இரண்டையும் கூட்டினால் நான்கே கால் நிமிடத்தில் முடியும் என்று தோன்றும். நடைமுறையில் அந்த ஒரு கோப்பு 6 நிமிடத்திலோ 15 நிமிடத்திலோதான் வந்து சேரும். அதே வீட்டில் ஒருவர் இணையவழி வகுப்பிலும் மற்றொருவர் பதிவிறக்கத்திலும் இருக்கும்போதுதான் பகிர்வின் பயன் தெரியும்.

தந்திக் காலத்தில் இரு பாதைகள்

ஒரே செய்திப் போக்குவரத்துக்கு இரண்டு பாதைகளை வைத்துக்கொள்ளும் வழக்கம் கணினியை விடப் பழையது. 1870-ஆம் ஆண்டில் பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையே இரண்டு பெரிய தந்திப் பாதைகள் செயல்படத் தொடங்கின. ஒன்று, சீமென்ஸ் நிறுவனத்தார் ஜெர்மனி, ருசியா, பாரசீகம் வழியே அமைத்த தரைவழித் தந்தி. மற்றொன்று, சூயஸிலிருந்து ஏடன் வழியாக மும்பைக்கு வந்த கடலடி வடம். ஒரு பாதையில் தடங்கல் ஏற்பட்டால் மற்றொரு பாதையில் தந்தி போய்ச் சேர்ந்தது. ஒன்று நிலத்திலும் மற்றொன்று கடலிலும் சென்றதால், ஒரே விபத்து இரண்டையும் அறுக்கும் வாய்ப்பு மிகக் குறைவாக இருந்தது.

1871-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி வடம் செயல்பாட்டுக்கு வந்தது. இதன் மூலம் இந்தியாவுக்கு மேற்கே மும்பை, கிழக்கே சென்னை என்று இரண்டு தகவல் வாசல்கள் அமைந்தன. நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த ஒளியிழை வடங்களும் பெரும்பாலும் இதே இரண்டு கரைகளில்தான் ஏறின.

ஆர்ப்பாநெட்டும் 1986-ஆம் ஆண்டின் பாடமும்

கணினி வலையமைப்புகளில் பல பாதைகளின் தேவையை முறையாக ஆராய்ந்தவர் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த பால் பேரன். 1964-இல் வெளியான அவருடைய ஆய்வுத் தொகுதி, மையம் இல்லாத, ஒவ்வொரு கணுவுக்கும் பல இணைப்புகள் கொண்ட வலையமைப்பு பெரும் சேதத்துக்குப் பிறகும் இயங்கும் என்று காட்டியது.

1969-இல் தொடங்கிய ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பே இன்றைய இணையத்தின் முன்னோடி. அவ்வாண்டு இறுதியில் அதில் நான்கு கணுக்கள் இருந்தன. லாஸ் ஏஞ்சல்ஸ், ஸ்டான்ஃபோர்டு, சாந்தா பார்பரா ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று முக்கோணமாக இணைக்கப்பட்டிருந்தன. நான்காவதான யூட்டா மட்டும் ஸ்டான்ஃபோர்டுடன் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டிருந்தது. அந்த ஒரு கம்பி அறுந்தால் யூட்டா தனித்துப்போகும். வலையமைப்பு வளர்ந்தபோது ஒவ்வொரு கணுவுக்கும் குறைந்தது இரண்டு பாதைகள் அமைய வேண்டும் என்பது வடிவமைப்பு விதியாகப் பின்பற்றப்பட்டது.

1986 டிசம்பர் 12 அன்று நடந்த நிகழ்ச்சி இந்த விதியில் மறைந்திருந்த ஓட்டையைக் காட்டியது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியை ஆர்ப்பாநெட்டின் மற்றப் பகுதிகளோடு ஏழு இணைப்புகள் இணைத்தன. வரைபடத்தில் அவை ஏழு கோடுகளாகத் தெரிந்தன. ஆனால் தொலைபேசி நிறுவனம் அந்த ஏழையும் ஓரிடத்தில் ஒரே ஒளியிழை வடத்துக்குள் செலுத்தியிருந்தது. நியூ யார்க் அருகே அந்த வடம் அறுந்தபோது ஏழும் ஒரே நொடியில் போயின. நியூ இங்கிலாந்து பல மணி நேரம் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. இணைப்புகளின் எண்ணிக்கை வேறு, பாதைகளின் எண்ணிக்கை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

திசைவி நுட்பத்தின் வளர்ச்சி

1989 இத்துறையில் முக்கியமான ஆண்டு. ஒரே நிறுவனத்துக்குள் சம தூரமுள்ள பல பாதைகளில் போக்குவரத்தைப் பங்கிட இடமளித்த ஓ.எஸ்.பி.எஃப். என்னும் நெறிமுறையும், வெவ்வேறு நிறுவனங்களின் வலையமைப்புகளுக்கிடையே வழி அறிவிக்கும் பி.ஜி.பி. என்னும் நெறிமுறையும் அவ்வாண்டில் வெளியாயின. பி.ஜி.பி.யைப் பயன்படுத்தும் ஒரு பெரிய நிறுவனம் தனக்கென்று சொந்த முகவரிகளைப் பெற்று, அவற்றை இரண்டு சேவை நிறுவனங்கள் வழியாகவும் உலகுக்கு அறிவிக்கலாம். ஒன்று விழுந்தாலும் முகவரி மாறாது. ஆனால் இதற்குச் சொந்த முகவரித் தொகுதி, பயிற்சி பெற்ற பொறியாளர், சேவை நிறுவனங்களின் ஒத்துழைப்பு ஆகியவை தேவை. வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் இது எட்டாத வழி.

சிறியவர்களுக்கு வழி திறந்தது 1994-இல் வெளியான முகவரி மாற்று முறையாகும். நேட் என்று அழைக்கப்படும் இம்முறையில், உள்ளே இருக்கும் பல கணினிகள் வெளியே ஒரே முகவரியில் தோன்றுகின்றன. எந்தத் தொடர்பு எந்தக் கணினிக்கு உரியது என்பதைத் திசைவி ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. அந்த அட்டவணையில் எந்தத் தொடர்பு எந்த இணைப்பின் வழியே போனது என்பதையும் சேர்த்துக் குறித்தால், இரட்டை இணைப்புச் சுமைப் பகிர்வு கிடைத்துவிடும். சேவை நிறுவனங்களின் அனுமதியோ ஒத்துழைப்போ இதற்குத் தேவையில்லை. இன்று கடைகளில் கிடைக்கும் இரட்டை இணைப்புத் திசைவிகள் அனைத்தும் இந்த எண்ணத்தின் மேல் எழுந்தவையே.

இதே காலத்தில் வேறொரு முறையும் இருந்தது. 1990-களின் நடுவில் வந்த பலகம்பிப் பிணைப்பு நெறிமுறை, இரண்டு தொலைபேசிக் கம்பிகளை உண்மையிலேயே ஒன்றாகப் பிணைத்தது. பொதிகள் துண்டாக்கப்பட்டு, வரிசை எண் இடப்பட்டு, இரு கம்பிகளிலும் அனுப்பப்பட்டன. மறுமுனையில் மீண்டும் சேர்க்கப்பட்டன. இதில் ஒரே கோப்பும் இரட்டை வேகத்தில் வரும். ஆனால் இரு கம்பிகளும் ஒரே நிறுவனத்தின் ஒரே மறுமுனையில் முடிய வேண்டும். பிணைப்புக்கும் பகிர்வுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பலர் பகிர்வுத் திசைவியை வாங்கிவிட்டுப் பிணைப்பின் பயனை எதிர்பார்த்து ஏமாறுகின்றனர்.

1999-இல் வெளியான லினக்ஸ் 2.2 பதிப்பில், பொதி எந்த முகவரியிலிருந்து வருகிறது என்பதைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடைத்தது. இதனால் ஒரு பழைய கணினியில் கூடுதலாக ஒரு பிணைய அட்டையைச் செருகி, செலவில்லாமல் இரட்டை இணைப்புத் திசைவி செய்துகொள்ள முடிந்தது. 2012-இல் வந்த லினக்ஸ் 3.6 பதிப்பில் பழைய வழி நினைவகம் நீக்கப்பட்டபோது, பல பாதைகள் உள்ள இடங்களில் ஒரே தொடர்பின் பொதிகள் சிதறிச் செல்லும் சிக்கல் எழுந்தது. 2016 ஜனவரியில் வெளியான 4.4 பதிப்பில், அனுப்புநர், பெறுநர் முகவரிகளைக் கொண்டு கணக்கிட்டு ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்கும் முறை சேர்க்கப்பட்டு இச்சிக்கல் தீர்க்கப்பட்டது. பொதிகளைப் பங்கிடுவதா, தொடர்புகளைப் பங்கிடுவதா என்னும் பழைய கேள்வி இவ்வாறு மீண்டும் தொடர்புகளின் பக்கமே முடிந்தது.

ஒரே தொடர்பை இரண்டு இணைப்புகளில் பிளப்பதற்கான முயற்சி 2013 ஜனவரியில் பல்பாதை டி.சி.பி. என்னும் பெயரில் வரைவாக வெளியானது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோனின் சிரி சேவையில் இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. வை-ஃபை போனாலும் கைபேசி வலையமைப்பின் வழியே அதே உரையாடல் தொடர்ந்தது. இரு முனைகளும் இந்த நெறிமுறையை அறிந்திருக்க வேண்டும் என்பதால், பொதுவான இணையதளங்களில் இது இன்னும் பரவலாகவில்லை.

இந்தியாவில் இரட்டை இணைப்பு

இந்தியாவின் தொடக்ககாலக் கணினி வலையமைப்புகளுள் ஒன்று 1986-இல் தொடங்கிய எர்னெட் ஆகும். சென்னை ஐ.ஐ.டி. அதன் தொடக்க உறுப்புகளுள் ஒன்று. பொதுமக்களுக்கான இணைய சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அப்போது நாட்டில் ஒரே சேவை நிறுவனம் இருந்ததால் இரண்டாம் இணைப்பு என்பதற்கே பொருளில்லை. 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்த பின்னரே, ஒருவர் இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு பெறும் நிலை உருவானது. இரட்டை இணைப்புக்கு முதல் தேவை போட்டி என்பதை இது காட்டுகிறது.

2002 ஏப்ரலில் பன்னாட்டுத் தொலைத்தொடர்பிலும் வி.எஸ்.என்.எல். தனியுரிமை முடிந்தது. அவ்வாண்டிலேயே பாரதி, சிங்டெல் நிறுவனங்கள் இணைந்து அமைத்த ஐ2ஐ வடம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே செயல்படத் தொடங்கியது. 2004-இல் டாடா நிறுவனத்தின் சென்னை–சிங்கப்பூர் வடமும், 2005-இன் இறுதியில் சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை செல்லும் சீ-மீ-வீ 4 வடமும் வந்தன. கடைசியாகக் கூறியது சென்னை, மும்பை ஆகிய இரு நகரங்களையும் தொட்டது.

2004-ஆம் ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தை அகலப்பட்டை என்று வரையறுத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தொலைபேசிக் கம்பி வழியிலான அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. தொலைபேசி நிலையம் உள்ள சிறு நகரங்களுக்கும் இதனால் இணையம் வந்தது. வரையறை 2013-இல் 512 கிலோபிட்டாகவும், 2023-இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ நான்காம் தலைமுறைச் சேவையைத் தொடங்கிய பின் கைபேசி இணைய விலை வீழ்ந்தது. கம்பி இணைப்பு ஒன்று, கைபேசி இணைப்பு ஒன்று என இரண்டை வைத்துக்கொள்வது நடுத்தரக் குடும்பங்களுக்கும் இயலக்கூடியதாயிற்று. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்த்தவர்கள் சொந்த ஊர்களிலிருந்து பணி செய்ய வேண்டியதாயிற்று. இணைப்பு விழுந்தால் வேலை நின்றுவிடும் என்ற நிலையில் இரண்டாம் இணைப்பு அவசியப் பொருளானது.

கடலடியில் அறுந்த வடங்கள்

ஒரே வழியை நம்பியிருப்பதன் விலையை 2005 ஜூன் மாதம் பாகிஸ்தான் கண்டது. அப்போது அந்நாட்டை உலகோடு இணைத்த ஒரே ஒளியிழை வடமான சீ-மீ-வீ 3 கராச்சி அருகே பழுதடைந்தது. பல நாட்கள் நாட்டின் பெரும்பகுதி இணையம் இழந்தது.

2006 டிசம்பர் 26 அன்று தைவானின் தென்கரைக்கு அப்பால் ஏற்பட்ட நிலநடுக்கம் கிழக்காசியாவின் பல கடலடி வடங்களை அறுத்தது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே சீ-மீ-வீ 4, பிளாக் ஆகிய இரு வடங்களும் அறுந்தன. இந்தியாவின் வெளிநாட்டு இணையத் திறனில் ஏறத்தாழப் பாதி போனதாக அப்போதைய செய்திகள் கூறின. இந்திய நிறுவனங்கள் ஐரோப்பா, அமெரிக்கா செல்லும் போக்குவரத்தைச் சென்னை, சிங்கப்பூர், பசிபிக் கடல் வழியாகச் சுற்றி அனுப்பின. கிழக்கு வழியில் திறன் வைத்திருந்தவர்கள் விரைவில் மீண்டனர்.

இங்கு கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அலெக்சாந்திரியா அருகே அறுந்தவை இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் வடங்கள். இரண்டையும் வாங்கி வைத்திருந்த ஒரு சேவை நிறுவனம், தன்னிடம் இரட்டைப் பாதுகாப்பு இருப்பதாகவே எண்ணியிருக்கும். ஆனால் அவை ஒரே குறுகிய கடற்பகுதியைக் கடந்து சென்றன. 1986-இல் நியூ யார்க் அருகே நடந்தது, இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் மத்தியதரைக் கடலில் வேறு வடிவில் நடந்தது.

தேனி கண் மருத்துவமனை வலையமைப்பு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடமேற்கே, மலைக்கு அப்பால் உள்ள தேனி மாவட்டத்தில் இந்த வரலாற்றின் மற்றொரு பக்கம் எழுதப்பட்டது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுப்புற ஊர்களின் கண் பரிசோதனை மையங்களையும், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுந்தூர வை-ஃபை மூலம் இணைத்தனர். மையத்துக்கு வரும் நோயாளி, தேனியில் உள்ள மருத்துவரிடம் காணொளி வழியே பேசினார். இணைப்பு இல்லாத நாளில், கூலி வேலையை விட்டு வந்தவர் மருத்துவரைக் காணாமலே திரும்ப நேரும்.

2008-இல் இந்த ஆய்வாளர்கள் தங்கள் அனுபவத்தை வெளியிட்டனர். அவர்கள் சந்தித்த பழுதுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் வை-ஃபை அலைவரிசை அல்ல, தரமற்ற மின்சாரம். மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் கருவிகள் கெட்டன, சில நின்றுபோயின. ஓர் இணைப்பு விழுந்தபோதும் கருவிகளைத் தொலைவிலிருந்து எட்டிப் பார்ப்பதற்கு வேறொரு வழி இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் கண்ட பாடங்களுள் ஒன்று. பாதை என்பது கம்பி மட்டும் அல்ல; அதற்கு உயிர் கொடுக்கும் மின்சாரமும் பாதையின் ஒரு பகுதி என்பதைத் தேனி அனுபவம் உணர்த்துகிறது. இரண்டு நிறுவனங்களின் மோடம்களையும் ஒரே மின்செருகியில் பொருத்தியிருப்பவருக்கு, அந்தச் செருகியைப் பொறுத்தவரை ஒரே இணைப்புதான் உள்ளது.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதி

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள இவ்விரு நகரங்களின் நில அமைப்பு, இரட்டைப் பாதைச் சிக்கலை விளக்க ஏற்றது. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை தடுப்பாக நிற்கிறது. திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744 ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசி நோக்கிச் செல்கிறது. விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதையும் இதே இரு ஊர்களைத் தொட்டுச் செல்கிறது. ஒளியிழை வடங்கள் பொதுவாகச் சாலையோரத்திலும் இருப்புப்பாதையோரத்திலும் பதிக்கப்படுகின்றன. எந்த நிறுவனத்திடம் இணைப்பு வாங்கினாலும், ஊருக்கு வெளியே அது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒருசில வழிகளில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். எனவே இரண்டு நிறுவனங்களின் வடங்கள் ஒரே சாலையோரத்தில் அருகருகே கிடக்க வாய்ப்பு உண்டு. குடிநீர்க் குழாய்க்காகவோ சாலை விரிவாக்கத்துக்காகவோ தோண்டும் ஒரு பொக்லைன் இயந்திரம், இரண்டையும் ஒரே இழுப்பில் அறுத்துவிடலாம்.

கைபேசி இணைப்பை இரண்டாவதாக வைத்திருப்பவர்கள் இந்த ஆபத்திலிருந்து தப்பியவர்களாகத் தோன்றும். ஆனால் பல கைபேசிக் கோபுரங்களும் ஒளியிழை வழியாகவே வெளியுலகோடு பேசுகின்றன. கோபுரம் வரை காற்றில் சென்ற தரவு, அங்கிருந்து அதே சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிடலாம்.

இப்பகுதியில் இணையம் நின்றால் நிற்பவை பல. ராஜபாளையத்தின் நூற்பாலைகளும் மருத்துவத் துணி ஆலைகளும் சரக்கு லாரியை அனுப்ப மின்வழிச் சீட்டு எடுக்க வேண்டும். மாநிலங்களுக்கிடையே 2018 ஏப்ரல் முதலும், தமிழ்நாட்டுக்குள் அவ்வாண்டு ஜூன் முதலும் இது கட்டாயமாயிற்று. சீட்டு இல்லாத லாரி வாசலைத் தாண்ட முடியாது. ரேஷன் கடை விற்பனைக் கருவி, இ-சேவை மையம், வங்கி, மருத்துவமனை, தேர்வுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் என ஒவ்வொருவரும் அதே வடத்தின் முனையில் நிற்கின்றனர். இதே நெடுஞ்சாலை செல்லும் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011-இல் சோகோ நிறுவனம் அலுவலகம் தொடங்கியது. மென்பொருள் வேலை சிற்றூர்களுக்கு வரத் தொடங்கிய பின், இணைப்பின் உறுதி வேலைவாய்ப்பின் உறுதியாகவும் ஆகிவிட்டது.

தோண்டுவதால் ஏற்படும் சேதத்தைத் தடுக்க இந்திய அரசு 2023 மார்ச் 22 அன்று 'தோண்டும் முன் அழையுங்கள்' என்னும் பொருள்படும் கைபேசிச் செயலியைத் தொடங்கியது. தோண்டும் நிறுவனம், அவ்விடத்தில் வடமோ குழாயோ வைத்திருப்பவர்களுக்கு இதன் வழியே முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஒருங்கிணைப்பில்லாத தோண்டலால் ஆண்டுதோறும் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு ஏற்படுவதாக அரசு அப்போது தெரிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம், ஊராட்சிகளை வளைய வடிவில் இணைக்க முடிவு செய்தது. வளையத்தில் ஓரிடம் அறுந்தாலும் மறுபக்கமாகச் சுற்றிப் போகலாம். முந்தைய கட்டங்களில் ஊராட்சிகள் பெரும்பாலும் ஒற்றை வரிசையில் இணைக்கப்பட்டதால், நடுவில் ஓர் அறுப்பு அப்பாலுள்ள ஊர்களையெல்லாம் துண்டித்தது. 1969-இல் யூட்டா இருந்த நிலையிலிருந்து சிற்றூர்களை விடுவிக்கும் முயற்சி என்று இதைக் கூறலாம்.

ஒரு கணக்கு

இரட்டை இணைப்பின் பயனை ஒரு கற்பனைக் கணக்கால் அளக்கலாம். ஓர் இணைப்பு நூறு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் பழுதாக இருப்பதாகக் கொள்வோம். ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். எனவே ஆண்டுக்குச் சுமார் 88 மணி நேரம், அதாவது மூன்றரை நாளுக்கு மேல் இணையம் இருக்காது. அதே தரமுள்ள இரண்டாம் இணைப்பைச் சேர்த்து, இரண்டும் ஒன்றையொன்று சாராத பாதைகளில் வந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் பழுதாக இருக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. ஆண்டுக்கு 53 நிமிடம் மட்டுமே இணையம் இருக்காது.

இப்போது இரண்டு வடங்களும் ஒரே பள்ளத்தில் கிடப்பதாகவும், பழுதுகள் எல்லாம் பள்ளம் தோண்டுவதாலேயே வருவதாகவும் கொள்வோம். ஒன்று அறும்போது மற்றதும் அறும். கணக்கு மீண்டும் 88 மணி நேரத்துக்கே திரும்பிவிடும். மாதந்தோறும் இரண்டு கட்டணம் செலுத்தியும் கிடைப்பது ஒற்றை இணைப்பின் உறுதியே. உண்மை நிலை இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் எங்கோ இருக்கும். அது எங்கே என்பதைத் திசைவியின் விலையோ நிறுவனத்தின் பெயரோ முடிவு செய்வதில்லை. பாதை முடிவு செய்கிறது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை

இரட்டை இணைப்புத் திசைவியை அமைக்கும்போது மூன்று தவறுகள் அடிக்கடி நேர்கின்றன.

முதலாவது, பழுதைக் கண்டறியும் முறை. இணைப்பு உயிரோடு உள்ளதா என்பதைத் திசைவி சில நொடிகளுக்கு ஒருமுறை சோதிக்கிறது. சோதனை வீட்டிலுள்ள மோடம் வரை மட்டும் சென்றால், ஊருக்கு வெளியே வடம் அறுந்தது அதற்குத் தெரியாது. மோடம் விளக்கு எரிகிறது என்று எண்ணி, பாதிப் போக்குவரத்தை அறுந்த வழியிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும். எனவே சோதனை முகவரி சேவை நிறுவனத்துக்கு அப்பால், வெளியுலகில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, வங்கி முதலிய தளங்களின் சிக்கல். ஒரு பக்கம் ஓர் இணைப்பின் வழியாகவும் அடுத்த பக்கம் மற்றொன்றின் வழியாகவும் திறந்தால், முகவரி மாறியதைக் கண்டு சில தளங்கள் பயனரை வெளியேற்றிவிடும். ஒரே கணினியிலிருந்து ஒரே தளத்துக்குச் செல்லும் தொடர்புகளை எல்லாம் ஒரே இணைப்பில் நிறுத்திவைக்கும் வசதி பெரும்பாலான திசைவிகளில் உண்டு. அதை இயக்கி வைப்பதே இதற்குத் தீர்வு.

மூன்றாவது, எடைக் குறிப்பு. இரண்டு இணைப்புகளின் உண்மையான வேகத்தை அளந்து குறிக்காமல் சம பங்காக விட்டால், மெதுவான இணைப்பு திணறும். வேகமான இணைப்பு பாதி வெறுமையாக இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, இரண்டாம் இணைப்பை வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. இந்த வடம் தெருவுக்குள் எந்தப் பக்கமாக வருகிறது? தெருக்கம்பத்தில் முதல் இணைப்பின் வடத்தோடு சேர்ந்தே தொங்குகிறதா? ஊரை விட்டு எந்தச் சாலை வழியாக வெளியேறுகிறது? மின்சாரம் போனால் இடைநிலைப் பெட்டிக்கு மின்கலம் உண்டா? இணைப்புக் கொடுக்க வரும் பணியாளருக்கு இவற்றுள் முதல் இரண்டுக்காவது விடை தெரிந்திருக்கும். மற்றவற்றை நிறுவனத்தின் உள்ளூர் அலுவலகத்தில் கேட்டறியலாம். இரு நிறுவனங்களும் ஒரே விடையைக் கூறினால், கம்பிவழி இணைப்பு ஒன்றோடு வேறு வகை இணைப்பு ஒன்றைச் சேர்ப்பதே மேல்.